கர்ப்பப் பரிசோதனை கிட்: எதை வாங்குவது, எந்த நாளில் பார்ப்பது

மருந்துக் கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை கிட்களில் பெயரும் அட்டையும்தான் பலவிதம். உள்ளே நடப்பது ஒன்றேதான். கரு கருப்பையில் பதிந்த பிறகு சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் சிறுநீரில் இருந்தால், பட்டையில் உள்ள எதிர்ப்பொருள் அதைப் பிடித்துக்கொள்ளும். ‘டி’ என்ற இடத்தில் கோடு விழும். ‘சி’ கோடு, பட்டையில் சிறுநீர் சரியாக ஏறியிருக்கிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. ‘சி’ விழாவிட்டால் ‘டி’ எப்படித் தெரிந்தாலும் அந்தச் சோதனை செல்லாது.

முதலில் வெறும் ஸ்ட்ரிப். சுத்தமான, சோப்பு மிச்சம் இல்லாத கிண்ணத்தில் சிறுநீரைப் பிடித்து, ‘மேக்ஸ்’ கோடு மூழ்காமல், கிட்டோடு வரும் தாளில் சொன்ன விநாடிகள் வரை மட்டும் நனைத்து, சமதளத்தில் படுக்கவைக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டி முக்கினால் சாயம் கரைந்து முடிவு கெட்டுவிடும். விலை குறைவு என்பதால் இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டியிருப்பவர்களுக்கு இதுவே போதும். பிளாஸ்டிக் கூட்டுக்குள் பட்டை இருக்கும் கேசட் வகையில் டிராப்பரால் சொட்டு விட வேண்டும். பெரும்பாலும் மூன்று சொட்டு. குறைந்தால் சிறுநீர் மேலே ஏறாது, அதிகமானால் ஜன்னல் முழுக்க இளஞ்சிவப்பாகக் கலங்கிப்போகும். முதல் தடவை பார்ப்பவருக்கு நாங்கள் சொல்வது கேசட்தான்: கை நடுங்கினாலும் அளவு தப்பாது.

நேரடியாகச் சிறுநீர் தாரையில் பிடிக்கும் குச்சி வகை வசதியானது, ஆனால் நுனி நனையாமல் பிடியில் தெறிப்பது சகஜம். டிஜிட்டல் கருவி முடிவை எழுத்தாகக் காட்டும். உள்ளே இருப்பதும் அதே பட்டைதான். நம் கண்ணுக்குப் பதிலாக ஒரு சென்சார் கோட்டைப் படிக்கிறது. விலை கூடியதால் மட்டுமே முன்கூட்டிக் கண்டுபிடித்துவிடாது. கோடு விழுந்ததா இல்லையா என்று குழம்புகிறவர்களுக்கு மட்டும் அது பிரயோஜனம்.

அட்டையில் நிறுவனத்தின் பெயரைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது உணர்திறன் எண். 25 என்றால், ஒரு மில்லிலிட்டரில் 25 மில்லி சர்வதேச அலகு ஹார்மோன் இருந்தால் கிட் காட்டும். 10 என்று இருப்பவை இன்னும் குறைந்த அளவிலேயே காட்டும். காலாவதி தேதியையும், ஃபாயில் உறை கிழியாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உறையைப் பிரித்தவுடன் பயன்படுத்திவிட வேண்டும். ஈரம் பட்டால் பட்டை கெடும்.

கிட்டைக் குறை சொல்பவர்களில் பலர் உண்மையில் தப்பான நாளில் பார்த்தவர்கள். கருமுட்டை வெளியான பிறகு கரு பதிய பெரும்பாலும் 6 முதல் 12 நாள் ஆகும். அதற்குப் பிறகுதான் ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். ஆரம்பத்தில் ஏறக்குறைய இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும். ஆகவே பீரியட்ஸ் வரவேண்டிய நாளுக்கு முன்பே பார்த்து ‘இல்லை’ என்று வந்தால் அதை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. நாள் தள்ளிப்போன அன்று பார்க்கலாம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இன்னும் உறுதி. மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு நாள் கணக்கு உதவாது. பாதுகாப்பில்லாத கடைசி உறவிலிருந்து 21 நாள் கழித்துப் பார்ப்பதே சரி. அவசரக் கருத்தடை மாத்திரை போட்டவர்களுக்கும் இதே கணக்கு, ஏனென்றால் அந்த மாத்திரையே பீரியட்ஸைத் தள்ளிப்போடலாம். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு பீரியட்ஸ் திரும்பும் முன்பே கரு தங்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அறிகுறியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மார்பு கனத்து வலிப்பது, அசதி, அடிவயிற்றில் லேசான இழுப்பு எல்லாம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் செய்யும் வேலை. கரு தங்காத மாதத்திலும் பீரியட்ஸுக்கு முன் அது உடம்பில் கூடத்தான் செய்யும். குமட்டல் பொதுவாகக் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணி நாலு முதல் ஆறு வாரத்தில்தான் தலைகாட்டும், சிலருக்கு வருவதே இல்லை. வழக்கத்தைவிட மிகக் குறைவாகச் சொட்டுச் சொட்டாகப் பட்டு நின்றுபோனால், அதைப் பீரியட்ஸ் என்று எண்ணி விட்டுவிடாமல் சோதித்துவிடுங்கள்.

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் நல்லது, அதில் ஹார்மோன் செறிவாக இருக்கும். முடியாவிட்டால் நாலு மணி நேரம் அடக்கிவைத்துப் பாருங்கள். சிறுநீர் வரட்டும் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால் நீர்த்துப்போய்க் கோடு விழாமல் போகலாம். தாளில் சொன்ன நேரத்தில், பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள், முடிவைப் படியுங்கள். அந்த நேரத்துக்குள் நிறத்தோடு விழுந்த கோடு மங்கலாக இருந்தாலும் கர்ப்பம்தான் என்று கொள்ளலாம். 48 மணி நேரம் கழித்து இன்னொரு கிட்டில் உறுதி செய்யுங்கள். பத்து நிமிடம் தாண்டி, சிறுநீர் காய்ந்த பின் தெரியும் சாம்பல் தடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். குப்பையில் போட்டதை மறுபடி எடுத்துப் பார்த்துத் தவிப்பவர்கள் நிறைய.

கருத்தடை மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ முடிவை மாற்றாது. குழந்தையின்மைச் சிகிச்சையில் போடும் எச்.சி.ஜி. ஊசி மாற்றும்: அதன்பின் 14 நாள் வரை பொய்யாகக் கோடு விழலாம். கருச்சிதைவுக்கோ பிரசவத்துக்கோ பிறகும் சில வாரம் ஹார்மோன் உடம்பில் தங்கியிருக்கும். சர்க்கரை, உப்பு, பற்பசை கலந்து பார்க்கும் வீட்டுமுறைகள் எதையும் நம்ப வேண்டாம். அவை இந்த ஹார்மோனைக் கண்டறிவதே இல்லை.

கரு எங்கே பதிந்திருக்கிறது என்பதை எந்தக் கிட்டும் சொல்லாது. அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்தாலோ, தோள்பட்டை நுனியில் வலி, ரத்தப்போக்கு, மயக்கம் வந்தாலோ, அது கருக்குழாயில் தங்கிய கருவாக இருக்கலாம். கோடு ஒன்றா இரண்டா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

‘ஆம்’ என்று வந்தால் மதுவையும் புகையையும் அன்றே நிறுத்துங்கள். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் ஏற்கெனவே எடுக்கவில்லை என்றால் தொடங்குங்கள். சிலருக்கு இன்னும் கூடுதல் அளவு தேவைப்படும் என்பதால் மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு, ரத்த அழுத்தம், முகப்பரு போன்றவற்றுக்கு எடுக்கும் மாத்திரைகளைப் பற்றியும் உடனே பேசிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ‘இல்லை’ என்று வந்தும் பீரியட்ஸ் வரவில்லை என்றால் ஒரு வாரத்தில் திரும்பப் பாருங்கள். அப்போதும் அதே முடிவு என்றால் மருத்துவரைப் பார்த்து ‘பீட்டா எச்.சி.ஜி.’ ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை போன்ற வேறு காரணங்களை அவர் தேடுவார்.