கட்டாயமா, காசா, காலமா: பார்ம்.டி. ஆய்வுகளை இதழுக்குக் கொண்டுசேர்க்கும் வழிகள்

கோவை, ஈரோடு, நாமக்கல் வட்டாரத்துப் எந்தப் பார்மசி கல்லூரி நூலகத்துக்குச் சென்றாலும், கறுப்பு அட்டையில் தங்க எழுத்துப் பொறித்த ஆய்வேடுகள் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்பதைக் காணலாம். பார்ம்.டி. என்பது ஆறாண்டுப் பார்மசி பட்டப்படிப்பு; 2008இல் வந்த அதன் விதிமுறைகளின்படி ஐந்தாம் ஆண்டில் ஆறு மாத ஆய்வுப்பணி உண்டு. ஆறாம் ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. வார்டு வார்டாக அலைந்து திரட்டிய தரவு, வைவா என்னும் வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அலமாரிக்குப் போய்விடுகிறது. அதை ஆய்விதழில் வெளிவரச் செய்ய நிர்வாகங்கள் மூன்று வழிகளை யோசிக்கின்றன. மூன்றும் ஒரே தரமுடையவை அல்ல என்பது, வழிகாட்டியாக இருந்து நான் கண்டது.

முதலாவது கட்டாயம்: கட்டுரை வெளிவந்தால்தான் சான்றிதழ் என்பது. எண்ணிக்கை உடனே உயரும் என்பதால் நிர்வாகத்துக்கு இது பிடிக்கும். ஆனால் நல்ல இதழ்களில் மதிப்பாய்வுக்கே பல மாதங்கள் ஆகும். மாணவரிடம் இருப்பதோ ஓராண்டு. எனவே அவர், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களிடம்தான் போவார். எங்கள் குழு ஒன்று வியாழக்கிழமை அனுப்பிய கட்டுரை சனிக்கிழமை மாலையே ஏற்கப்பட்டது. அதில் நோயாளிகள் 112 பேர் என்று எழுதியிருந்தோம். முதல் அட்டவணையின் கூட்டுத்தொகையோ 121. மதிப்பாய்வாளர் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்திருந்தால் அது கண்ணில் படாமல் போயிருக்காது. முனைவர் பட்டத்துக்கே கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற நிபந்தனையை யுஜிசி 2022இல் நீக்கிவிட்டது. பயிற்சி மாணவர்மீது அதைச் சுமத்துவதில் நியாயம் இல்லை.

இரண்டாவது ஊக்கத்தொகை. கேடு குறைவு, பயனும் குறைவு. கட்டுரை வெளிவந்த பின் கிடைக்கும் பணம், எழுதத் தெரியாமல் திணறுபவருக்கு எழுதும் வேளையில் உதவாது. வெளியீட்டுக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தால், கட்டணமே வாங்காத நல்ல இதழ்களை விட்டு மாணவர் கட்டண இதழ்களின் பக்கம் சாய்வார். பணம் என்று வந்துவிட்டால், யார் பெயர் முதலில் என்ற பூசலும் கூடவே வந்துவிடும்.

மூன்றாவது, நேரம் ஒதுக்குவது. வாரத்தில் ஒரு பிற்பகல் வார்டுப் பணியிலிருந்து விலக்கு அளித்து, வழிகாட்டி ஒருவர் உடன் உட்கார்ந்து எழுதவைப்பது. அட்டவணை முதலில், பிறகு முடிவுகள், பிறகு செய்முறை, கடைசியில் முன்னுரை என்ற வரிசையில் போனால் வெள்ளைத்தாளைப் பார்த்து மிரளும் பயம் பாதி தீர்ந்துவிடும். ஆனால் இந்த வழியின் வேர் இன்னும் முன்னால் இருக்கிறது. நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தரவு திரட்டிய பிறகு வாங்க முடியாது. நோயாளிகளைக் கவனித்துத் தரவு திரட்டும் ஆய்வுக்கட்டுரையில் எந்தெந்த விவரங்கள் வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் (STROBE) பட்டியலை முதல் மாதமே பார்த்துப் படிவம் தயாரிக்காவிட்டால், விடுபட்டதைத் தேடிப் பிறகு ரெக்கார்டு அறையில் தூசி தட்ட வேண்டியிருக்கும். பெயர் வரிசையையும் அப்போதே எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது நல்லது.

இதற்கும் விலை உண்டு. வார்டில் ஆள் குறைகிறது என்று மருத்துவமனைத் தரப்பு சொல்லும் ஆட்சேபம் நியாயமானதே. எனினும் பயிற்சி முடிந்த மறுவாரமே ஒருவர் பெங்களூரு நிறுவனத்துக்கும், ஒருவர் தாராபுரத்துக் குடும்ப மருந்துக்கடைக்கும், இன்னொருவர் வெளிநாட்டுத் தேர்வுக்கும் பிரிந்துபோய்விடுகின்றனர்; கட்டுரை யாரோ ஒருவரின் பென்டிரைவில் தங்கிவிடுகிறது. ஆகவே அந்த ஓராண்டுக்குள் எழுதினால்தான் உண்டு.

ஆய்வேட்டைச் சுருக்குவதா, ஒரே நோயாளியின் அனுபவத்தை விவரிக்கும் கேஸ் ரிப்போர்ட் எழுதுவதா என்றும் பலர் கேட்கின்றனர். எழுதிப் பழக்கமே இல்லாதவருக்குப் பின்னதைத்தான் சொல்வேன். வார்டில் கண்ட மருந்து ஒவ்வாமை ஒன்றை, நோயாளியின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு, ஒரு மாதத்தில் எழுதி முடிக்கலாம். மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நிரப்பி அனுப்பிய படிவத்திலேயே பாதி விவரம் இருக்கும். ஆனால் ஆறு மாதத் தரவைக் கையில் வைத்திருப்பவர் இதை எழுதிவிட்டு அதைக் கைவிடலாகாது. அரைநாள் தர இயலாது என்னும் மருத்துவமனையிடம், பொது மருத்துவப் பிரிவில் கழியும் அந்த ஆறு மாதங்களுக்கு மட்டுமாவது வாரம் இரண்டு மணி நேரம் கேட்கலாம். அட்டவணையின் கூட்டலைச் சரிபார்க்க அது போதும்.