சீப்பா, கத்தரியா, கிளிப்பரா: நீளமுடி நாய்க்கு வீட்டிலேயே முடி பார்க்க எது தேவை?

எங்கள் வீட்டில் ஷிட்சு. மாடியில் அக்கா வீட்டில் கோல்டன் ரிட்ரீவர். இரண்டுக்கும் முடி பார்ப்பது நான்தான். ‘நீளமுடி நாய்’ என்று இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்கு உதவாது என்பது காசு போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஷிட்சுவின் முடி நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். கொட்டுவது குறைவு. கொட்டினாலும் தரைக்கு வராமல் பக்கத்து முடியில் மாட்டிக்கொண்டு சிக்காகும், அப்புறம் சடையாகும். கோல்டனுக்கு இரண்டு அடுக்கு: மேலே நீண்ட முடி, அடியில் பஞ்சு போன்ற உள்முடி. அந்தப் பஞ்சு வருடம் முழுக்கக் கொட்டும். சோபா, சாம்பார், சட்டை எதையும் விடாது.

முதலில் பிரஷ். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஸ்லிக்கர் பிரஷ்தான்: வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்தது. வேலையைச் சீக்கிரம் முடிக்கும். ஆனால் ஏமாற்றும். மேலே மேலே இழுத்தால் நாய் பஞ்சு மிட்டாய் போல அழகாகிவிடும். தோலை ஒட்டிய சிக்கு அப்படியே இருக்கும். அழுத்தி இழுத்தாலோ தோல் சிராய்த்துச் சிவந்துவிடும். இரும்புச் சீப்புக்கு, அதாவது ஒரு பாதி அகலப் பல், மறுபாதி நெருக்கப் பல் உள்ளதற்கு, இந்த ஏமாற்று வேலை தெரியாது. தோலிலிருந்து நுனி வரை தடையில்லாமல் போனால் சிக்கில்லை, நின்றால் அங்கே சிக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சீப்பை வாங்குங்கள். நான் பிரஷ்ஷை முதல் சுற்றுக்கும், சீப்பைப் பரீட்சை வைக்கவும் பயன்படுத்துகிறேன்.

சீவும் முறை பாட்டி சிணுக்கோலியால் சிக்கெடுத்த முறைதான். வேரைக் கையால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோல் தெரியத் தெரியச் சீவ வேண்டும். காதுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், இந்த நான்கு இடத்தையும் தினமும் பார்த்தால் மற்றதை ஒருநாள் விட்டுக்கூடப் பார்க்கலாம். குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் சமயம், ஏறக்குறைய 10 மாதம் முதல் ஒரு வயது தாண்டும் வரை, சிக்கு உயிரை எடுக்கும். அந்தக் காலத்தில் பல பேர் மனம் வெறுத்து ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். நானும் வெட்டினேன்.

உள்முடி எடுக்க விற்கும் பிளேடு வைத்த சீப்பும், நீளப் பற்கள் கொண்ட ரேக்கும் கோல்டனுக்கு மட்டும். அதிலும் என் ஓட்டு ரேக்குக்குத்தான். பிளேடு குவியல் குவியலாக முடி எடுக்கும்போது பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் கொஞ்சம் அதிகமானால் மேல்முடியையும் சேர்த்து அறுத்துவிடும். ஷிட்சு பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

கத்தரியா, கிளிப்பரா (முடி வெட்டும் மின்சாரக் கருவி) என்பதில் நான் முன்பு கத்தரிக் கட்சி. சத்தமில்லை, விலை குறைவு. ஒருநாள் அக்குள் சடையைக் கத்தரியால் வெட்டப் போய்த் தோலையும் சேர்த்து வெட்டிவிட்டேன். சடை தோலை மேலே இழுத்து வைத்திருக்கும்; முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இரண்டு தையல். அன்றிலிருந்து சடைக்குக் கத்தரி கிடையாது. இப்போது முகம், பாத ஓரம் இவற்றுக்கு மட்டும், அதுவும் முனை மழுங்கிய கத்தரி.

கிளிப்பரில் பிளேடு எண் கூடக் கூட முடி குட்டையாகும். 10-ஆம் எண் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் விடும். வயிறு, பாத அடி, சடைக்கு அடியில் நுழைக்க அதுதான் பத்திரம். 4எஃப் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விடும், உடம்புக்கு நன்றாக இருக்கும். ஆனால் குளித்துக் காய்ந்து சீவிய முடியில்தான் அது ஓடும். அப்பாவின் தாடி டிரிம்மரால் முயற்சி செய்யாதீர்கள். பாதி முதுகில் திணறி நின்றுவிடும். பிளேடு சூடேறும் என்பதையும் மறக்கக் கூடாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை நம் மணிக்கட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, சென்னை வெயிலுக்கு மொட்டை அடித்துவிடலாமா? ஷிட்சுவுக்கு 2, 3 சென்டிமீட்டர் விட்டுக் குட்டையாக வெட்டலாம், தாராளமாக. நாய்க் கண்காட்சி மேடைக்குப் போகாத நாய்க்குத் தரையைக் கூட்டும் முடி எதற்கு? கோல்டனுக்குக் கூடாது. அக்கா ஒவ்வொரு ஏப்ரலிலும் இதைக் கேட்பாள், நான் ஒவ்வொரு ஏப்ரலிலும் மறுப்பேன். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டை ஆற்றுகிறது. மேல்முடி வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. ஒட்ட வழித்தால் சில நாய்களுக்கு முடி திட்டுத் திட்டாக முளைக்கிறது. உள்முடியை ரேக்கால் எடுத்துவிட்டாலே காற்று போகும்.

குளியலில் ஒரே சண்டை: சீவிவிட்டுக் குளிப்பாட்டுவதா, குளிப்பாட்டிவிட்டுச் சீவுவதா? சீவிவிட்டுத்தான். தண்ணீர் பட்டுக் காய்ந்த சிக்கு இறுகிப் பாயாகிவிடும். நம் ஷாம்பூ வேண்டாம். நாய்த் தோலின் அமிலத்தன்மை நம்முடையதைவிடக் குறைவு. தேங்காயெண்ணெய் தடவினால் சிக்கு நழுவும் என்பது உண்மைதான், ஆனால் தடவிய நாய் மறுநாள் தெருப்புழுதியோடு வீட்டுக்கு வரும். சிக்கில் கொஞ்சம் சோளமாவு தூவி விரலால் பிரித்துப் பாருங்கள், அதுவே போதும்.

பார்லருக்கு நான் எதிரி இல்லை. உடம்பெல்லாம் பாயாகச் சடை பிடித்திருந்தால் அதைப் பிரிப்பது வீட்டு வேலையே இல்லை, நாய்க்கும் சித்திரவதை. கறுப்பு நகமும் அப்படித்தான். உள்ளே ரத்தக்குழாய் எதுவரை என்று தெரியாது, அதை மருத்துவரிடமே விட்டிருக்கிறேன். ஆனால் மாதம் ஒருமுறை பார்லருக்குப் போவதால் தினச் சீவலை விட முடியாது. போன மழைக்காலத்தில் காதின் அடிப்பக்கம் ஒட்டியிருந்த உண்ணியைக் காட்டிக்கொடுத்தது சீப்புதான். பார்லருக்கு இன்னும் 3 வாரம் இருந்தது.