யூவி டார்ச் வைத்துப் பழைய வண்ணக் கிளாஸ் பார்ப்பது: ஆறு மாத அனுபவம்

லண்டனில் பழைய சாமான் சந்தைக்குப் போனால் இப்போது பாதிப் பேர் கையில் ஒரு சின்ன கறுப்பு யூவி (புறஊதா ஒளி) டார்ச் இருக்கிறது. பச்சையோ மஞ்சளோ ஒரு ஒயின் கிளாஸ் கண்ணில் பட்டால் போதும், உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு அடித்துப் பார்க்கிறார்கள், அது பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் "யுரேனியம் கலந்த கண்ணாடி, ரொம்பப் பழசு" என்று உடனே பணத்தை எடுக்கிறார்கள். நானும் அதைப் பார்த்துத்தான் 395 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒன்றும் 365இல் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து 30 பவுண்டுக்குள்.

முதலில் 395. விலை குறைவு, ஆனால் அதிலிருந்தே ஊதா வெளிச்சம் நிறைய வருவதால் கிளாஸ் முழுக்க ஊதா பூசினது போல ஆகிவிடும். யுரேனியம் அதையும் மீறித் தெரியும், சந்தேகமே வராது. 365இல் முனையில் கறுப்பு வடிகட்டி இருக்கிறது, அதனால் டார்ச் எரிகிறதா என்றே தெரியாது, இருட்டில் கிளாஸ் மட்டும் தானாக ஒளிரும். பார்க்கவே அழகு. ஒரே சிக்கல், மாங்கனீசு கலந்த கண்ணாடியும் இதில் மெல்லிய பச்சையாகத் தெரியும். பழைய நிறமற்ற கண்ணாடியில் பச்சைச் சாயல் போக்க மாங்கனீசு சேர்ப்பது சாதாரண விஷயம். அதனால் 365இல் மங்கலாக ஒளிர்ந்து 395இல் ஒன்றும் காட்டாவிட்டால், பெரும்பாலும் அது யுரேனியமாக இருக்காது. இதற்காகத்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன். மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ ஒளிர்ந்தால் காட்மியம் என்று நினைக்கலாம்.

இதுவரை சரி. ஆனால் டார்ச் சொல்வது கண்ணாடியில் என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும்தான், எப்போது செய்தது என்பதைச் சொல்லவே சொல்லாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 45 பவுண்டு ஆனது. சந்தையில் ஒருவர் விக்டோரியா காலத்தது என்று உறுதியாகச் சொல்லி ஒரு மஞ்சள்பச்சைக் கிளாஸை விற்றார், டார்ச்சில் அப்படி ஒளிர்ந்தது. வீட்டில் கவிழ்த்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடித்தட்டின் விளிம்பு நேற்றுப் பெட்டியைப் பிரித்தது போல வழவழ. நூறு வருடம் மேசையில் இழுபட்ட கிளாஸ் அப்படி இருக்காது. போஹீமியாவில் (இன்றைய செக் நாட்டில்) ரீடல் குடும்பத்தார் அன்னா என்ற பெயரை வைத்து இந்த நிறங்களைச் செய்தது 1830களில், உண்மைதான். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் நின்றுபோன யுரேனியம் கண்ணாடி 1958க்குப் பிறகு மறுபடியும் வந்தது, இன்றும் செய்கிறார்கள். ஒளிர்கிற கிளாஸ் போன வருடத்ததாகவும் இருக்கலாம்.

அப்புறம் இதற்கு நேர்மாறாக ஒன்று. வேறொரு மேசையில் 18 பவுண்டுக்கு ஆழ்ந்த மரகதப் பச்சையில் ஒரு ஒயின் கிளாஸ். டார்ச் அடித்தால் கறுப்பாகக் கிடந்தது, எனக்கு முன்னால் பார்த்தவர் வைத்துவிட்டுப் போய்விட்டார். கவிழ்த்தேன். நடுவில், செய்யும்போது கிளாஸைக் கம்பியில் ஒட்டி வைத்து வேலை முடித்ததும் தட்டி உடைத்த தழும்பு, கற்கண்டை உடைத்த இடம் மாதிரி சொரசொரவென்று. அது மேசையைக் கீறாமலிருக்க அடித்தட்டை நடுவில் மேலே தூக்கிச் செய்திருந்தார்கள். விளிம்பில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். லென்ஸில் பார்த்தால் ஆயிரம் பொடிக் கீறல், ஒவ்வொன்றும் ஒரு திசை, ஒன்று ஆழம் ஒன்று மேலோட்டம். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியதில் கீறல் எல்லாம் ஒரே பக்கமாக வரிசையாக ஓடும். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. நிறமும் பேசுகிறது: இந்தத் தெளிவான பச்சை குரோமியத்தால் வந்தது என்று நினைக்கிறேன், குரோமியத்தைக் கண்டுபிடித்ததே 1797இல், எனவே அதற்கு முன்னால் போகாது. வடிவத்தையும் சேர்த்து 1830ஐ ஒட்டியது என்பது என் கணிப்பு. "பிரிஸ்டல் பச்சை" என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். அது வியாபாரப் பெயர், இங்கிலாந்தில் பல ஊர்களில் இதே நிறம் செய்தார்கள்.

சிவப்புக் கிளாஸுக்கு டார்ச்சால் பெரிய பயன் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே வாய் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். தேய்ந்த இடத்தில் உள்ளே நிறமற்ற கண்ணாடி தெரிந்தால் அது மேல்பூச்சுச் சிவப்பு, தங்கம் கலந்து உள்ளும் புறமும் ஒரே நிறமாக ஊதியதைவிட விலை குறைவாக இருக்க வேண்டும்.

வாங்குவதானால் வடிகட்டியோடு இருக்கிற 365ஐ வாங்குங்கள், ஐந்துக்கு நான்கு தருவேன். சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூன்றாம் மாதமே தளர்ந்துவிட்டது, அதற்கு ஒன்று குறைத்தேன். 395க்கு இரண்டரை. கண்ணில் அடித்துவிடாதீர்கள், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள். கூடவே பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, அது இல்லாமல் நான் இப்போது சந்தைக்குப் போவதில்லை. நேரம் கிடைத்தால் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் 131ஆம் அறையில் ஒரு மதியம் செலவழியுங்கள். நுழைவு இலவசம், அலமாரி அலமாரியாகக் கிளாஸ். தண்டும் அடித்தட்டும் காலத்துக்குக் காலம் எப்படி மாறின என்பது அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.