கருந்துளையின் எடை: வாயுவை நம்பலாமா, நட்சத்திரத்தையா?

நான்காம் படிவ இயற்பியலில் ஈர்ப்புப் பாடம் வரும். சுற்றும் பொருளின் வேகமும் தூரமும் தெரிந்தால், நடுவில் இருப்பதன் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். செந்தூலில் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இதே கணக்கைக் கருந்துளைக்குப் போட்டவர்களுக்கு ஒரே விடை கிடைக்கவில்லை.

எம்87 விண்மீன் மண்டலத்தைப் பாருங்கள். 1994இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி அதன் நடுவில் சூடான வாயுத் தட்டு ஒன்றைக் கண்டது. மையத்திலிருந்து 60 ஒளியாண்டு தள்ளி, ஒரு பக்கத்து வாயு நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கத்து வாயு விலகிப் போகிறது. வேகம் நொடிக்குச் சுமார் 550 கி.மீ. கிடைத்த எடை 2.4 பில்லியன் சூரியன்கள். 2013இல் இன்னும் நுணுக்கமாக அளந்தபோதும் வாயு சொன்னது 3.5 பில்லியன்தான். நட்சத்திரங்களின் ஓட்டத்தை வைத்து 2011இல் வந்த விடையோ 6.6 பில்லியன். 2019 ஏப்ரலில் ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் குழு கருந்துளையின் நிழலையே படம்பிடித்து 6.5 பில்லியன் என்றது. நட்சத்திரம் ஜெயித்தது.

நட்சத்திரத்துக்கு ஈர்ப்பு ஒன்றுதான் எசமான். வாயு அப்படியில்லை, அழுத்தம் தள்ளும், கொந்தளிப்பு கலைக்கும், மையத்திலிருந்து பீறிடும் தாரை வேறு இடிக்கும். தட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதில் கொஞ்சம் பிசகினாலும் எடை மாறிவிடும். அதற்காக நட்சத்திரக் கணக்கு சுலபம் என்று நினைக்க வேண்டாம். எம்87க்கு 2009இல் கரும்பொருளையும் (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள்) சேர்த்துப் போட்ட பிறகுதான் எடை ஏறக்குறைய இரு மடங்கானது.

சரி, வாயுவையே ஒதுக்கிவிடலாமா? எனக்கு மனம் வராது. என்ஜிசி 4258 என்ற விண்மீன் மண்டலத்தில் கருந்துளையைச் சுற்றும் மெல்லிய தட்டில் நீர் மூலக்கூறுகள் 22 கிகாஹெர்ட்ஸில் ரேடியோ அலை வீசுகின்றன. தட்டு கிட்டத்தட்ட விளிம்பு தெரியும்படி நம் பக்கம் திரும்பியிருப்பதால் சாய்வுத் தொல்லை இல்லை. உள் விளிம்பில் வேகம் நொடிக்கு 1,080 கி.மீ., ஏறத்தாழ இரு மடங்கு தூரத்தில் 770. 1,080ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள், 764 வருகிறது. தூரம் கூடக் கூட வேகம் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும் என்ற கெப்லர் விதிப்படியே! 1995இல் வெளியான இந்த அளவீட்டைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது எனக்கே ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். எடை சுமார் 40 மில்லியன் சூரியன்கள். பக்கத்து மண்டலங்களில் இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து அபூர்வம். குறை ஒன்றுதான்: இப்படி வசதியாகத் திரும்பிய தட்டுகள் கொஞ்சமே.

அப்புறம், தொலைவில் இருப்பவை. மைய ஒளி மினுங்கியபின் சுற்றியுள்ள வாயு எத்தனை நாள் கழித்துப் பதிலுக்கு மினுங்குகிறது என்று பார்ப்பார்கள். என்ஜிசி 5548 என்ற மண்டலத்தில் அது சுமார் 20 நாள். அதிலிருந்து வாயு மையத்துக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது கிடைக்கும், ஆனால் வாயுவின் அமைப்பை ஊகிக்க வேண்டியிருப்பதால் எடை ஓரிரு மடங்கு முன்பின் ஆகலாம். குவாசர்களில் (கருந்துளைக்குள் விழும் பொருளால் பளீரென்று ஒளிரும் மண்டல மையங்கள்) மைய ஒளியின் வெள்ளத்தில் நட்சத்திரங்கள் மூழ்கிப்போவதால் அங்கே வாயுதான் கதி. 2018இல் சிலியில் நான்கு 8 மீட்டர் தொலைநோக்கிகளை இணைத்த கிராவிட்டி கருவி, 3சி 273 குவாசரில் அந்த வாயு ஒழுங்காகச் சுழல்வதைக் கண்டது. எடை சுமார் 300 மில்லியன் சூரியன்கள்.