பூநாரைக்கு ஏ6700, கல்யாண வீட்டுக்கு ஏ7 ஃபோர்

சோனியின் இரண்டு கமராக்களுக்கு நடுவில் சில மாதம் ஊசலாடிவிட்டுக் கடைசியில் சின்ன சென்சர் (ஒளியைப் படமாக்கும் சிப்) உள்ள ஏ6700ஐ வாங்கினேன். மற்றது ஏ7 மார்க் ஃபோர். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஏ7 ஃபோர் என்றால்தான் தெரியும். அதை வாங்காவிட்டாலும் அதுவும் எனக்குப் பழக்கம்தான். கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று படம் எடுத்துப் பிழைக்கும் மச்சானிடம் ஒன்று இருக்கிறது. அவனுக்கு வேலை இல்லாத கிழமைகளில் அது என் தோளில்தான் தொங்கும். என் காசு எந்தப் பக்கம் போனது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

ஒப்பிடுவதற்கு இவை இரண்டும் நல்ல சோடி. லென்ஸ் பூட்டும் மவுண்ட் ஒன்று, பற்றறி ஒன்று, மெனுவும் ஏறக்குறைய ஒன்று. அதனால் பேச்சு சென்சரை விட்டு வேறு பக்கம் ஓடாது. ஏ7 ஃபோரின் சென்சர் 36க்கு 24 மி.மீ., அதாவது ஃபுல் ஃபிரேம். ஏ6700இல் இருப்பது ஏ.பி.எஸ்-சி என்ற சின்ன அளவு, ஏறத்தாழ 23.3க்கு 15.5 மி.மீ. பரப்பளவில் பெரியது சின்னதைப்போல இரண்டே கால் மடங்குக்குக் கொஞ்சம் கூட. 33 மெகாபிக்சலா 26 மெகாபிக்சலா என்ற கேள்வியை விட்டுவிடலாம். சுவர்க் கலண்டர் அளவில் பிரிண்ட் போட்டாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஃபோகஸ் இரண்டிலும் நன்றாகவே பிடிக்கிறது. 2023இல் வந்த ஏ6700இல் கண்ணையும் உடம்பையும் அடையாளம் காண்பதற்கென்றே ஒரு சிப் இருக்கிறது. பறவை விஷயத்தில் அது 2021இல் வந்த ஏ7 ஃபோரை ஒரு சொட்டு முந்துகிறது என்பது என் எண்ணம்.

கையில் பிடிக்கும் சுகம் ஏ7 ஃபோருக்குத்தான். அதன் வியூஃபைண்டர் பெரியது, தெளிவானது. ஏ6700இன் வியூஃபைண்டர் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் சின்ன ஓட்டை. கண்ணாடி போட்டவருக்கு எரிச்சல் வரும். ஃபோகஸ் புள்ளியை நகர்த்த ஏ7 ஃபோரில் ஜோய்ஸ்டிக் உண்டு, இதில் இல்லை. மெமரி கார்ட் அதில் இரண்டு, இதில் ஒன்று. காசு வாங்கிக்கொண்டு தாலி கட்டுவதைப் படம் எடுக்கிறவருக்கு இந்தக் கடைசி ஒன்றே போதும்: ஏ7 ஃபோரை வாங்குங்கள், மேற்கொண்டு வாசிக்கவும் வேண்டாம். கார்ட் பழுதானால் மாப்பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டுத் தாலி கட்டச் சொல்ல முடியாது.

சரி, நான் கல்யாணம் எடுப்பதில்லை. மாரி தொடங்கியதும் மண்டைதீவுப் பக்கம், வல்லை வெளி, தொண்டைமானாறு என்று தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் சுற்றுகிறவன். அங்கே எனக்குத் தெரிந்தவரை முடிவைச் சொல்வது கமரா இல்லை, அதன் முன்னால் நிற்கும் நீள லென்ஸ்தான்.

பூநாரையை எடுக்கப் போனவர்களுக்கு அதன் குணம் தெரியும். முழங்கால் தண்ணீரில் கூட்டமாக நிற்கும். நீங்கள் பத்தடி முன்னால் வைத்தால் பதறிப் பறக்காது. கூட்டம் முழுக்கத் தலையைக் குனிந்து மேய்ந்தபடியே பத்தடி பின்னால் நடந்துவிடும். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் உங்கள் செருப்பு சேற்றோடு போகும். பறவைகளும் அதே தூரத்தில் அப்படியே நிற்கும். ஆக, கிட்டப் போகலாம் என்ற யோசனையை விட்டுவிட்டு 150 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூநாரையின் உயரம் 1.3 மீட்டர்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஏ6700இல் சோனியின் 70-350 மி.மீ. லென்ஸைப் பூட்டி முழுக்க இழுத்தால், அந்தப் பூநாரை படத்தில் ஏறத்தாழ 800 பிக்சல் உயரம் நிற்கும். ஏ7 ஃபோரில் 100-400 ஜி மாஸ்டர் லென்ஸைப் பூட்டினால் 680க்குக் கிட்ட. அதில் 200-600ஐப் பூட்டினால் 1000ஐத் தாண்டும். நடுவில் உள்ளதைப் பாருங்கள். இரண்டரை மடங்கு விலையும் இரண்டு மடங்குக்கு மேல் எடையும் உள்ள லென்ஸை, விலை கூடிய கமராவில் பூட்டியும் பறவை சின்னதாகத்தான் விழுகிறது. காரணம் மந்திரம் ஒன்றும் இல்லை. சின்ன சென்சரில் பிக்சல்கள் நெருக்கமாக இருக்கின்றன. லென்ஸ் வரைந்து கொடுக்கும் பறவையின் மேல் கூடுதல் பிக்சல் விழுகிறது. ஏ7 ஃபோரில் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து ஏ.பி.எஸ்-சி போல ஆக்கினால் மிஞ்சுவது 14 மெகாபிக்சல். இதில் 26.

ஆக ஏ7 ஃபோர் இந்தப் போட்டியில் வெல்ல ஒரே வழி 200-600தான். வெல்லும், மறுக்கவில்லை. மச்சான் அதை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கித் தந்தான். படத்தில் இறகின் விளிம்பு வரை கத்தி மாதிரி இருந்தது. அதன் பெரிய திறப்பு பறவையிலிருந்து வரும் ஒளியையும் நிறைய அள்ளுகிறது, அதனால் மங்கிய விடியலில் படம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த லென்ஸ் தனியே 2115 கிராம். கமராவோடு சேர்த்து 2773. என்னுடைய சோடி, கமரா 493, லென்ஸ் 625, மொத்தம் 1118 கிராம். மோட்டார் சைக்கிளில் பண்ணைப் பாலத்தைத் தாண்டும்போது எதிர்க்காற்றில் முதுகுப் பையில் இந்த ஒன்றரைக் கிலோவுக்கு மேலான வித்தியாசம் என்ன செய்யும் என்பது ஒரு பக்கம். கையால் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பது மறுபக்கம். மீன்கொத்தி பாயும் என்று ஐந்து நிமிடம் தூக்கிப் பிடித்திருந்தால் இரண்டே முக்கால் கிலோவில் தோள் நடுங்கத் தொடங்கும். பாயும் நேரத்தில் நீங்கள் கையை உதறிக்கொண்டிருப்பீர்கள். முக்காலி வைக்கலாமே என்பீர்கள். அந்தச் சேற்றில் வைத்துப் பாருங்கள்.

குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறும்போதும் இதே கதைதான். சனம் நிறைந்த படகில் சின்னப் பையை மடியில் வைக்க இடம் கிடைக்கும். 318 மி.மீ. நீளமான லென்ஸுக்கு யாராவது எழுந்து இடம் தர வேண்டும்.

காசுக் கணக்கு இன்னும் நேரடியானது. அமெரிக்காவில் அறிமுகமான விலைகளை எடுத்தால் ஏ6700 1400 டொலர், 70-350 லென்ஸ் 1000 டொலர். மற்றப் பக்கம் ஏ7 ஃபோர் 2500, 200-600 லென்ஸ் 2000. வித்தியாசம் 2100 டொலர். டொலர் 300 ரூபாய் என்று போட்டாலே ஆறு லட்சத்துக்கு மேல். 2022இல் சில கிழமைக்குள் டொலர் 200இலிருந்து 360 வரை ஏறியதைப் பார்த்த ஊர் இது. "பிறகு வாங்கலாம்" என்ற சொல்லை நான் நம்புவதில்லை. அதனால் ஒரே மூச்சில் வாங்கி முடிக்கக்கூடிய சோடி எது என்று பார்த்தேன். ஏ7 ஃபோரை இன்றைக்கு வாங்கிவிட்டு நீள லென்ஸை அடுத்த வருடம் பார்ப்போம் என்று இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் பூநாரை இன்னும் வெள்ளைப் புள்ளிதான்.

70-350இல் குறை இல்லாமல் இல்லை. 200-600 உள்ளுக்குள்ளேயே சூம் ஆகும். இது முன்னால் நீண்டு வரும். நீளும்போதெல்லாம் காற்றையும் உள்ளே இழுக்கும், நெடுந்தீவுப் புழுதியில் அதற்குக் கவனம் வேண்டும். இரண்டு கமராவும் தூசி, ஈரம் தாங்கும்படி செய்தவை என்று சோனி சொல்கிறது. உப்புத் தண்ணீர் தெறித்தால் அந்தப் பேச்சை நம்பி நிற்காமல் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இன்னொன்று, காலை ஒன்பது, ஒன்பதரைக்குப் பிறகு வெளியில் கானல் அலையத் தொடங்கினால் எந்த லென்ஸும் உதவாது. 600 மி.மீ. கானலையும் பெரிதாக்கித்தான் காட்டும்.

பெரிய சென்சர்க்காரர் இப்போது கேட்பார்: இரவுக்கு என்ன செய்வாய்? நியாயமான கேள்வி. நல்லூர்த் திருவிழாவில் 23ஆம் நாள் சப்பறம். வெளிவீதியில் ஒரு பக்கம் மின்விளக்கின் வெள்ளை ஒளி, மறுபக்கம் தீவட்டி, நடுவில் வியர்த்த முகங்கள். கோயிலுக்குள் கமரா கொண்டுபோக முடியாது. ஆகவே எடுப்பதெல்லாம் இந்த வீதி இருட்டில்தான். பரப்பளவு வித்தியாசத்தால் பெரிய சென்சருக்கு ஒரு ஸ்டொப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆதாயம் இருக்கிறது; ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரண்டு மடங்கு. இருட்டில் படத்தை வெளிச்சமாக்க ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணைக் கூட்டுவோம், கூட்டக் கூடப் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளி விழும். ஒரே லென்ஸ் திறப்பில், ஏ7 ஃபோரில் ஐ.எஸ்.ஓ. 6400இல் எடுத்த படத்தின் புள்ளியும் ஏ6700இல் 2800 அளவில் எடுத்த படத்தின் புள்ளியும் ஏறத்தாழ ஒன்று.

ஆனால் மச்சான் போவது எஃப் 2.8 சூமோடு (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது). நான் போவது சிக்மாவின் 56 மி.மீ. எஃப் 1.4 லென்ஸோடு. அதன் எடை 280 கிராம். எஃப் 1.4 இரண்டு ஸ்டொப் கூடுதல் ஒளியை விடுகிறது. அவன் ஐ.எஸ்.ஓ. 12800இல் நிற்கும் இடத்தில் நான் 3200இல் நிற்கிறேன். சென்சரில் இழந்தது லென்ஸில் வட்டியோடு திரும்பி வந்துவிடுகிறது. முதல் தடவை இதைக் கையில் பார்த்துவிட்டு, "உதென்ன மச்சான், விளையாட்டுச் சாமானோ?" என்றான். படத்தைப் பெரிதாக்கிக் காட்டியதும் லென்ஸைக் கழற்றித் தரச் சொன்னான். அவனே 85 எஃப் 1.8ஐப் பூட்டிக்கொண்டு வந்தால் என்னை அரை ஸ்டொப் முந்துவான், பின்னணியும் கொஞ்சம் கூடக் கரையும். சூமை விட்டுவிட்டு வர அவனுக்கு மனம் வராது என்பது வேறு கதை.

வீடியோ பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் எடுப்பதே கொஞ்சம். 4கேயில் நீண்ட நேரம் ஓடவிட்டால் ஏ6700 சூடாகும் என்பது பலரும் சொல்லும் குறை. நம் வெயிலில் அரங்கேற்றம் முழுவதையும் பதிவு செய்ய நினைப்பவர் வாங்கும் முன் ஒருமுறை சோதித்துப் பார்க்கட்டும்.

அப்புறம் பூஞ்சணம். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான நாட்களில் ஈரப்பதம் 70 வீதத்துக்கு மேல். லென்ஸுக்கு நல்லது 40க்கும் 50க்கும் இடையில். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலுமாரிக்குள் வைத்த லென்ஸை மார்கழியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடியில் சிலந்தி நூல் ஓடியிருக்கும். மின்சார ட்ரை கபினட் நல்லதுதான், கரண்ட் இருக்கும்வரை. 2022 பங்குனியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் போனது யாருக்கும் மறந்திருக்காது. என் லென்ஸ் எல்லாம் சின்னவை என்பதால் கமராவோடு சேர்த்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் அடங்கிவிடுகின்றன. உள்ளே சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. நீல மணி வேண்டாம், அதில் கோபால்ட் இருக்கிறது. ஆரஞ்சு மணி வாங்குங்கள். நிறம் மாறியதும் வறுத்துத் திரும்பப் போடலாம், சமையல் சட்டியில் மட்டும் வேண்டாம். 200-600க்கு இந்த மாதிரிப் பெட்டி தேடி அலைந்துதான் மச்சானின் நண்பர் கடைசியில் கபினட் வாங்கினார்.

விற்கும்போதுதான் என் பக்கம் இடிக்கிறது. இங்கே செக்கன் ஹாண்ட் கமரா வாங்குபவர்களில் பெரும்பாலோர் கல்யாணக்காரர். அவர்களுக்கு ஃபுல் ஃபிரேம் வேண்டும், இரண்டு கார்ட் வேண்டும். ஏ7 ஃபோரை விற்க நாலு பேருக்கு ஃபோன் பண்ணினால் போதும். ஏ6700ஐ விற்க ஆர்வமுள்ள ஒரு மாணவனுக்காகக் காத்திருக்க வேண்டும். லென்ஸ் இரவல், வாடகை விஷயத்திலும் அதே கதை: ஊரில் சுற்றுவதெல்லாம் ஃபுல் ஃபிரேம் லென்ஸ். அவை என் கமராவில் பூட்டும் என்பது ஒரு ஆறுதல்.

எதை வாங்கினாலும், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சித்தப்பாவின் சூட்கேசில் வருகிற கமராவுக்கு வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். பில்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். திருத்த வேண்டி வந்தால் அவர் திரும்பிப் போகும்போது கொடுத்துவிடலாம். கொழும்பில் வாங்கினால் விலை கொஞ்சம் கூட, ஆனால் பஸ்ஸில் அனுப்பித் திருத்தி எடுக்கலாம். விலை கூடிய கமராவுக்கு இந்த யோசனை இன்னும் கூட வேண்டும்.

இரண்டு, மூன்று வருடத்தில் ஃபுல் ஃபிரேமுக்குப் போகத்தான் போகிறேன் என்று இப்போதே தெரிந்தவர் ஏ6700 பக்கம் வர வேண்டாம். 70-350உம் 56உம் ஏ7 ஃபோரில் பூட்டும், ஆனால் அந்த 14 மெகாபிக்சலோடு நின்றுவிடும்; லென்ஸையும் சேர்த்து விற்க வேண்டி வரும். அப்படிப்பட்டவர் ஏ7 ஃபோரோடு டம்ரனின் 28-75 ஒன்றை வாங்கிக்கொண்டு கோயில், கடற்கரை, சொந்தக்காரர் வீடு என்று தொடங்கட்டும். பூநாரைக்கு வாற மாரியில் என்னுடையதைத் தருகிறேன்.