காலின்ஸை ஏற்பதா, மறுப்பதா: ஷார்லட் கணக்கும் எலிசபெத் கணக்கும்

1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், பாதிரியார் காலின்ஸ் மூன்று நாளுக்குள் இரண்டு பெண்களைக் கல்யாணத்துக்குக் கேட்கிறார். 20 வயது எலிசபெத் பென்னட் முடியாது என்கிறாள். அவள் தோழி, 27 வயது ஷார்லட் லூகஸ், உடனே சம்மதிக்கிறாள். படிக்கிறவர்கள் பெரும்பாலும் எலிசபெத் கட்சி. எனக்கு ஷார்லட் செய்ததுதான் சரியாகப் படுகிறது.

காலின்ஸ் ஓர் அசட்டு முகஸ்துதிக்காரர், அதில் வாதமே இல்லை. அன்றைய இங்கிலாந்துச் சட்டமும் இருவருக்கும் ஒன்றுதான். கல்யாணமானால் மனைவி கையிலிருக்கும் பணம் கணவனுடையது. 1870, 1882 சட்டங்கள் வந்த பிறகே அது மாறியது. 1857க்கு முன் முழு விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட வேண்டும். தப்பான ஆளைக் கட்டினால் மீட்சி இல்லை என்பது எலிசபெத் பக்கத்து வலுவான புள்ளி.

ஆனால் விஷயத்தை முடிவு செய்வது ஒரே கேள்வி: வீட்டு ஆண் கண்ணை மூடினால் பெண்கள் எங்கே போவார்கள்?

பென்னட் குடும்பத்துக்கு லாங்போர்ன் பண்ணையிலிருந்து ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருகிறது. சொத்து ஆண் வாரிசுக்கே என்று கட்டிப்போடப்பட்டது. ஐந்தும் பெண்ணாகப் பிறந்ததால் அது தூரத்து உறவினரான காலின்ஸுக்குப் போகும். மகன் பிறந்து வயது வந்தால் அவனும் அப்பாவும் சேர்ந்து அந்தக் கட்டை உடைக்கலாம் என்று நம்பி, எலிசபெத்தின் அப்பா பென்னட் ஒரு காசு சேர்க்கவில்லை. தாய்க்கும் மகள்களுக்கும் எழுதிவைத்தது 5,000 பவுண்டு மட்டும். நான்கு சதவீத வட்டிக்கு ஆண்டுக்கு 200. பழைய வருமானத்தில் பத்தில் ஒரு பங்கில் ஆறு பெண்கள். தாய்க்குப் பிறகு எலிசபெத் பங்கு 1,000 பவுண்டு, வட்டி 40. இதைப் பெண் கேட்கும்போதே காலின்ஸ் சொல்லிக்காட்டுகிறார், மனுஷனுக்கு அவ்வளவு நாசூக்கு!

40 பவுண்டில் அந்தஸ்தான குடும்பத்துப் பெண் தனிக்குடித்தனம் நடத்த முடியாது, யார் வீட்டிலாவது ஒண்டலாம். பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கவர்னஸ் வேலைக்குப் போனால்? 1847இல் வந்த 'ஜேன் எயர்' நாயகிக்கு ஆண்டுக்கு 30 பவுண்டு, சாப்பாடும் தங்கலும். பிள்ளைகள் வளர்ந்தால் வேலையும் போச்சு.

ஷார்லட்டுக்குப் பெரிய சீதனம் இல்லை, அழகும் இல்லை. காலின்ஸ் வருவதை மாடி ஜன்னலில் பார்த்துவிட்டு, தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்துக்கு இறங்கிப் போகிறாள். கிடைப்பது கென்ட்டில் ஹன்ஸ்ஃபோர்ட் பாதிரி வீடு, பின்னால் லாங்போர்ன். பென்னட் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்று ஷார்லட்டின் அம்மா அன்றைக்கே கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறாள். இனி அக்காளைக் கட்டிக்காக்க வேண்டாம் என்று தம்பிகளுக்கும் நிம்மதி.

பிறகு அந்தக் கல்யாணத்தைப் பராமரிப்பது. கணவனைத் தோட்ட வேலையில் உற்சாகப்படுத்தி வெளியே வைத்திருக்கிறாள். பெரிய, வசதியான சாப்பாட்டு அறையை விட்டுவிட்டுப் பின்பக்க அறையில் போய் உட்காருகிறாள். முன்பக்கம் உட்கார்ந்தால் அவரும் அங்கேயே இருப்பார் என்பது தெரியும். தெருவில் வண்டி போவதைப் பார்க்கத் தன் அறை ஜன்னலே அவருக்குப் போதும்.

ஓட்டையும் இருக்கிறது. பாதிரி வீடு பதவியோடு ஒட்டியது. பென்னட்டுக்கு முன்னால் காலின்ஸ் போய்விட்டால் ஷார்லட் அதைக் காலிசெய்ய வேண்டும். லாங்போர்ன் அவள் பெயருக்கு வராது. ஆண் பிள்ளை இருந்தால் ஒருவேளை அவன் வழியாக வரலாம். நாவல் முடிவில் கர்ப்பமாயிருக்கிறாள், பிள்ளை ஆணா பெண்ணா என்பதற்குள் கதை முடிந்துவிடுகிறது. விதவை ஜீவனாம்சமாக என்ன பேசி முடித்தார்கள் என்றும் ஆஸ்டின் சொல்லவில்லை. என் கட்சி ஆட்டம் காண்பது இங்கேதான்.

எலிசபெத்துக்குக் கடைசியில் ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானமுள்ள டார்சி கணவராகக் கிடைத்தார் என்பார்கள். காலின்ஸை மறுத்த அன்று டார்சியை அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது; அவர் முதலில் கேட்டபோதும் மறுத்தாள். அவரை எடுத்துவிட்டால் மிச்சம் அந்த 40 பவுண்டு.

டார்சி வராத எலிசபெத் எப்படி இருப்பாள் என்பதற்கு ஆஸ்டினே ஆதாரம். 1802 டிசம்பரில், 27 வயதை நெருங்கும்போது, மானிடவுன் பண்ணை வாரிசு ஹாரிஸ் பிக்-விதருக்கு மாலையில் சம்மதித்து மறுநாள் காலையில் பின்வாங்கினார். 1805இல் அப்பா இறந்தார். அம்மாவும் இரு மகள்களும் சகோதரர்கள் கொடுத்த பணத்தை நம்பி இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1809இல் அண்ணன் எட்வர்ட் சாட்டனில் ஒரு வீடு கொடுத்த பிறகுதான் ஓரிடத்தில் நிலைத்தார்கள். எலிசபெத்துக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.