லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன்

நண்பர்களின் இசைக்குழு வாசிப்பதை ஆறு வருடமாகப் பதிவு செய்து வருகிறேன். ஆரம்பத்தில் லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு கன்டென்சர் மைக், ஒரு மூட்டை ஒயர். ஒருநாள் மூன்றாவது பாட்டு நடுவில் லேப்டாப் தானாக அப்டேட்டில் இறங்கிவிட்டது. அது எழுந்து வருவதற்குள் ஐந்தாவது பாட்டு முடிந்திருந்தது. அன்றோடு அந்த மூட்டைக்கு ஓய்வு.

இப்போது கையடக்க ரெக்கார்டர்தான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ. மணிக்குச் சுமார் 1 ஜிபி பிடிக்கிறது. 96க்கு ஏற்றியும் பார்த்தேன். ஃபைல் இரட்டிப்பானதுதான் மிச்சம்.

புதிதில் ஆட்டோ லெவலை நம்பிக் கெட்டேன். பாட்டு ஓய்ந்ததும் அதுவாகக் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, தூக்கும். யாரோ இருமுவதும் நாற்காலி இழுபடுவதும் காதுக்குள் வந்து நிற்கும். டிரம்ஸில் அடுத்த அடி விழுந்ததும் குரல், கிடார் எல்லாம் சேர்ந்து அமுங்கி, மெல்ல மெல்ல மேலே வரும். பிறகு எதைப் போட்டும் இதைச் சரிசெய்ய முடியவில்லை. இப்போது லெவலைக் கையால்தான் வைக்கிறேன். சவுண்ட் செக்கில் உச்சம் −18 டெசிபலைத் தாண்ட விடுவதில்லை (0-ஐத் தாண்டினால் ஒலி உடைந்துவிடும்), ஏனென்றால் கூட்டத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை கனத்துவிடும். இரவல் வாங்கிய 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டரில் இந்தக் கவலையே இல்லை, 0-ஐத் தாண்டிய ஒலியையும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக்கே திணறிவிட்டால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மிக்ஸரிலிருந்து லைன் எடுத்தால் குரல் பளிச்சென்று இருக்கும், மைக் வைக்காத டிரம்ஸ் எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்கும். அதனால் இரண்டு ரெக்கார்டர்: ஒன்று மிக்ஸரில், இன்னொன்று மேடைக்கு முன்னால் தலைக்கு மேல் உயரத்தில். ஆரம்பத்தில் கைதட்டி இரண்டையும் பொருத்தினாலும், ஒரு மணி நேரம் கழித்துக் கைதட்டல் இரண்டாகக் கேட்கிறது. இரண்டின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒரு டிராக்கைத் துளி இழுத்துவிட்டால் சேர்ந்துகொள்கிறது.

அந்த வேலைக்கு ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள். 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு உரிமம் வாங்கினேன். வெறுமனே வெட்டி எம்பி3 ஆக்க ஆடாசிட்டியே போதும், இலவசம்.

இத்தனை வருடத்தில் ரெக்கார்டரில் உடைந்தது கார்டு மூடி மட்டும்தான். டேப் ஒட்டி ஓட்டுகிறேன்.